சலுகை சுருங்கும் காலத்தில் அறம்



எழுதப் பழகும் குழந்தையின் கையை ஆசிரியர் முதலில் முழுதும் பற்றுகிறார். பிறகு மணிக்கட்டை மட்டும் தொடுகிறார். பின்னர் அருகில் நின்று பார்க்கிறார். கடைசியில் அடுத்த குழந்தையிடம் சென்றுவிடுகிறார். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பெற்றவற்றுள் இதுவும் ஒன்று. கையைத் திடீரென விட்டால் குழந்தை தடுமாறும்; ஒருநாளும் விடாதிருந்தால் குழந்தை எழுதவே கற்காது. எனவே துணை விலகுவது கொடுமையன்று. விலகும் முறையிலும், விலகும்போது நாம் நடந்துகொள்ளும் முறையிலுமே நன்மையும் தீமையும் இருக்கின்றன.

இவ்வுண்மையை இன்றைய இளைஞர்களின் வாழ்வில் பொருத்திப் பார்க்க விரும்புகிறேன். நம் கொங்கு நாட்டில் பட்டம் பெற்று வெளிவரும் பிள்ளைகள் பலர் ஒரு கையில் சான்றிதழும் மறு கையில் கல்விக்கடன் கணக்குப் புத்தகமுமாக வருகிறார்கள். படிக்கும் காலத்தில் வங்கி தவணை கேட்கவில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்ததும் கேட்கத் தொடங்குகிறது. அந்த நாளில் ஒரு குடும்பம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இது பணக்கணக்கு மட்டுமன்று, அறக்கணக்கும் ஆகும் என்பதே என் கருத்து.

கல்விக்கடன் வந்த வழி

கல்விக்காகக் கடன் தருவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1963-ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கியது. அதற்கு வட்டி கிடையாது. கடன் பெற்றுப் படித்தவர் ஆசிரியப் பணியில் சேர்ந்தால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டிற்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு கழிக்கப்பெற்றது. பெற்ற கல்வியைப் பிறர்க்கு வழங்குவதும் கடனைத் தீர்க்கும் வழியே என அரசு கருதியது போற்றத்தக்கது. ஆயினும் அத்திட்டத்தில் திரும்பி வந்த தொகை மிகக் குறைவு. வாங்கியவர்கள் வசதி பெற்ற பின்பும் பலர் மறந்துவிட்டார்கள்.

இன்று நாம் காணும் வங்கிக் கல்விக்கடன், இந்திய வங்கிகள் சங்கம் 2001-ஆம் ஆண்டில் வகுத்த மாதிரித் திட்டத்தின் வழி வந்தது. அத்திட்டத்தின் திருத்திய வடிவின்படி 4 லட்சம் ரூபாய் வரை நிலமோ நகையோ ஈடாகக் கேட்கப்படுவதில்லை. பெற்றோர் உடன் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. பின்னர் பதினைந்து ஆண்டு வரை தவணைகளாகச் செலுத்தலாம். 2009-ஆம் ஆண்டு முதல், பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்திற்கு உட்பட்டிருந்தால், தொழிற்கல்வி பயில்வோர்க்கு இச்சலுகைக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் வந்தது.

இங்கிலாந்தில் வேறொரு முறை உண்டு. அங்கு மாணவர் கணக்கில் வங்கிகள் வட்டியில்லா ஓவர் டிராப்ட் வசதி தருகின்றன. அதாவது கணக்கில் பணம் இல்லாதபோதும் ஒரு வரம்பு வரை எடுத்துச் செலவு செய்யலாம். பட்டம் பெற்ற பின் அந்த வரம்பை ஆண்டுதோறும் படிப்படியாகக் குறைத்து, சில ஆண்டுகளில் இல்லாமற் செய்துவிடுவார்கள். அதற்குள் கட்டி முடிக்காதவர் பெருவட்டிக்கு ஆளாவார். 2020-ஆம் ஆண்டில் அந்நாட்டு வங்கிகள் பலவும் ஓவர் டிராப்ட் வட்டியை ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி உயர்த்தின. அங்கே சலுகை படிப்படியாகச் சுருங்குகிறது. இங்கே ஒரு நாளில் முடிகிறது. கையை மெல்ல விடும் ஆசிரியரின் முறைக்கு அவர்கள் ஏற்பாடு சற்று நெருங்கியது. நம் ஏற்பாட்டில், படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் பொறுப்பை நாமே மேற்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணக்கு சொல்லும் உண்மை

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மாணவர் ஆண்டுக்கு 1 லட்சமாக நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் கடன் பெறுகிறார். வட்டி 10 சதவீதம். சலுகைக் காலத்தில் தனிவட்டி. அரசின் வட்டி மானியம் அவருக்கு இல்லை என்க. படிப்பு முடிந்து ஓராண்டு கழியும்போது முதல் லட்சத்திற்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000 என வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். எனவே தவணை தொடங்கும் நாளில் கடன் 4 லட்சமன்று, 5,40,000 ரூபாய்.

இதைப் பத்து ஆண்டுகளில் தீர்க்க மாதம் ஏறத்தாழ 7,136 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் மாதம் 5,803 ரூபாய் போதும். ஆனால் மொத்தத்தில் ஏறத்தாழ 1,88,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்போம். பெருந்துறை சிப்காட்டில் 18,000 ரூபாய் சம்பளத்தில் சேரும் ஓர் இளம் பட்டதாரிக்கு, நீண்ட தவணையே சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தந்தையார் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவராகவும், வீட்டில் திருமண வயதில் தங்கை ஒருத்தியும் இருந்தால் அக்குடும்பத்தின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

படிப்பு முடிந்த பின் வரும் ஓராண்டை இலவசக் காலம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். மேற்சொன்ன கணக்கில் அந்த ஓராண்டின் விலை 40,000 ரூபாய். 2020-ஆம் ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, கொரோனா நோய்க் காலத்தில், எல்லாக் கடன் தவணைகளையும் ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடமளித்தது. அப்போது ஒத்திவைத்தவர்கள் பின்னர் கற்ற பாடமும் இதுவே. ஒத்திவைப்பு என்பது தள்ளுபடியன்று. சலுகைக் காலம் கடனைக் குறைப்பதில்லை. நாம் ஆயத்தமாவதற்கு நேரம் தருகிறது. அந்நேரத்தை உறக்கத்தில் கழிப்பவர்க்கு அது சுமையையே கூட்டுகிறது.

ஈடாக வைத்தது எதை?

கடன் வாங்குவதே இழிவு என்று கருதும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. எனினும் எல்லாக் கடனும் ஒன்றல்ல. ஆடம்பரத் திருமணத்திற்கு வாங்கும் கடன் மூன்று நாளில் கரைந்துவிடும். கல்விக்கு வாங்கும் கடன் ஒருவர் அறிவில் நிலைத்திருக்கும். ஆதலின் இதில் இழிவில்லை.

ஆனால் வேறொரு தன்மை இதில் உண்டு. நகைக்கடனைத் திருப்பாவிட்டால் வங்கி நகையை ஏலம் விடும். வீட்டுக்கடனைத் திருப்பாவிட்டால் வீடு போகும். கற்ற கல்வியை எவராலும் பறிமுதல் செய்ய இயலாது. அப்படியானால் ஈடின்றித் தரப்பெற்ற கல்விக்கடனுக்கு உண்மையில் ஈடு எது? மாணவரின் வாக்கும் பெற்றோரின் கையொப்பமுமே. பறிக்க முடியாத ஒன்றை ஈட்டுவதற்குப் பெற்ற பணம் ஆதலால், திருப்பித் தருவது கடன் பெற்றவரின் மனச்சான்றையே பெரிதும் சார்ந்திருக்கிறது. நேர்மையைச் சோதிக்கும் கடன் இதைப்போல் வேறில்லை.

கள்ளாமை என்னும் அணுவிரதத்தை நம் முன்னோர், கொடுக்கப்படாத பொருளைக் கொள்ளாமை என விளக்கினர். இங்கே ஒருவர் கேட்கலாம்: வங்கி தானே விரும்பிக் கொடுத்த பணத்தைத் திருப்பாதிருப்பது களவாகுமோ? வங்கி கொடுத்தது ஒரு தவணை வரைதான். அந்நாள் கடந்த பின், கொடுக்கும் ஆற்றல் இருந்தும் வைத்துக்கொண்டால், அது கொடுக்கப்படாத பொருளைக் கொண்டதேயாகும். அதற்கு உரியவர் யார் என்று பார்த்தால் வங்கி மேலாளர் அல்லர். அப்பணம் பலர் சேமிப்பாகப் போட்டு வைத்தது. திரும்பி வந்தால் நமக்குப் பின் வரும் மற்றொரு பிள்ளைக்குப் போக வேண்டியது. திரும்பாத கடன்கள் பெருகும் ஊரில், அடுத்த ஏழை மாணவர் விண்ணப்பத்துடன் சென்றால் முகம் சுளிக்கப்படுகிறது. அவர் செய்யாத தவறுக்கு அவர் தண்டனை பெறுகிறார்.

இயலாமையும் மனமின்மையும்

இவ்வாறு சொன்னவுடன், கட்ட இயலாதவர் எல்லோரும் களவு செய்தவர் என்று எவரும் பொருள்கொள்ளலாகாது. ஆற்றல் இருந்தும் கொடாமை வேறு. ஆற்றல் இல்லாமை வேறு. முன்னது பிழை, பின்னது துன்பம். தமிழகத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் பெருகிய காலத்தில் படித்து வெளிவந்த பிள்ளைகள் அனைவர்க்கும் ஏற்ற வேலை காத்திருக்கவில்லை. விளம்பரத்தை நம்பிச் சேர்ந்த பதினேழு வயதுப் பிள்ளை, நான்கு ஆண்டுகட்குப் பின் வேலைச் சந்தை எப்படியிருக்கும் என்று அறிந்து கையெழுத்திட்டிருக்க முடியாது. அறியாத எதிர்காலத்தின் மேல் செய்த வாக்குறுதி எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பது நியாயமான வினாவே.

என் விடை இது. வாக்குறுதி முழுதும் கட்டுப்படுத்தும். ஆனால் நிறைவேற்றும் கடமை ஆற்றலின் அளவிற்கே. முழுத் தவணை கட்ட முடியாதபோது கடமை சுழியாகிவிடுவதில்லை. அது உண்மையைச் சொல்லும் கடமையாக மாறுகிறது. இயன்றதைக் கட்டும் கடமையாக மாறுகிறது. பணம் இல்லாதவரிடமும் உண்மை இருக்கிறது. அதை மறைத்தால்தான் அவர் வெறுங்கையர் ஆகிறார்.

நம் ஈரோட்டு வணிகர்களிடம் இதற்கு ஒரு பாடம் உண்டு. மஞ்சள் மண்டியிலும் ஜவுளிச் சந்தையிலும் கடனுக்குச் சரக்கு எடுப்பது நெடுங்கால வழக்கம். தவணை நாளில் பணம் வராது என்று தெரிந்தால், நல்ல வணிகர் அதற்கு முதல் நாளே கடைக்காரரிடம் தாமே சென்று, "இன்ன காரணம், இவ்வளவு தருகிறேன், மீதிக்கு இத்தனை நாள் வேண்டும்" என்பார். அவருக்கு மறுபடியும் சரக்குக் கிடைக்கும். கடையைச் சாத்திவிட்டுப் போனவருக்கு ஊரில் ஒரு முழம் துணியும் கடனாகக் கிடைக்காது. இருவரிடமும் அன்று பணம் இல்லை. முன்னவர் சொல்லைக் காத்துக்கொண்டார். பின்னவர் அதையும் இழந்தார்.

படித்த பிள்ளைகள் பலர் இந்த இரண்டாமவரைப் போல் நடக்கிறார்கள். வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிப்பதில்லை, தொலைபேசியை எடுப்பதில்லை, வீட்டில் தந்தையிடம் சொல்வதில்லை. காரணம் தீய எண்ணமன்று, வெட்கம். ஆனால் தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் வங்கி அதை வாராக்கடன் என வகைப்படுத்திவிடும். பிள்ளையின் பெயரோடு, உடன் கையெழுத்திட்ட பெற்றோரின் கடன் வரலாற்றிலும் அது பதியும். பிற்பாடு தந்தையார் பயிர்க்கடன் கேட்டுச் செல்லும் நாளில்தான் அவருக்கே செய்தி தெரியவரும். மகன் மறைத்தது தந்தையை மனம் நோகாமல் காப்பதற்காக. விளைந்ததோ அதற்கு நேர்மாறு.

மறைப்பதற்காகவே மற்றொரு கடன் வாங்குவது இன்னும் கொடிது. கைபேசிச் செயலிகளும் கடன் அட்டைகளும் சில நிமிடங்களில் பணம் தருகின்றன. தெருமுனையில் தண்டல்காரர் இருக்கிறார். கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கத் தமிழக அரசு 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியும் அவை அற்றுப்போகவில்லை. பத்து சதவீதக் கடனை முப்பது, நாற்பது சதவீதக் கடனால் அடைப்பது, ஓட்டைக் குடத்தை அதைவிடப் பெரிய ஓட்டைக் குடத்தில் வைப்பது போன்றதாகும்.

கேட்டால் கிடைக்கும் வழிகள்

உண்மையைச் சொல்பவர்க்கு வழிகள் இருக்கின்றன. இந்திய வங்கிகள் சங்கம் 2015-ஆம் ஆண்டில் திருத்திய மாதிரித் திட்டம், வேலை இழந்த காலத்திலும் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருக்கும் காலத்திலும், கடன் தீரும் முன் இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்க இடம் வைத்தது. இதை அறிந்த பெற்றோர் நம்மிடையே மிகச் சிலரே. வங்கிக்கு நேரில் சென்று, எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். தவணைக் காலத்தை நீட்டித் தருமாறும், முதலில் சிறு தொகையாகத் தொடங்கிப் பிறகு உயரும் தவணையாக அமைத்துத் தருமாறும் கேட்கலாம். வட்டி மானியத்திற்குத் தகுதியுள்ளவர்கள் அது கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று எவரேனும் சொன்னால் அவசரப்படக் கூடாது. முழுதும் கட்டி முடித்த கணக்கும் அவ்வாறு பேசி முடித்த கணக்கும் கடன் வரலாற்றில் ஒன்றாகக் கருதப்படுவதில்லை. தள்ளுபடிக்காகக் காத்திருப்பதும் அறிவுடைமையன்று. 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் கல்விக்கடன் தள்ளுபடி கட்சிகளின் வாக்குறுதியாக ஒலித்தது. அதை நம்பித் தவணையை நிறுத்தியவரின் வட்டி, தேர்தலுக்காகக் காத்திருக்கவில்லை.

கொடுத்தவர் கடமை

பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தோடு தொடர்புபடுத்திப் போற்றப்பெறும் பவணந்தி முனிவர், நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கனுக்கு மட்டும் இலக்கணம் சொல்லி நிறுத்தவில்லை. ஆசிரியனுக்கும் இலக்கணம் சொன்னார். ஆசிரியனுக்கு அவர் காட்டிய உவமைகளுள் துலாக்கோலும் ஒன்று. பெறுபவர்க்கு ஒழுக்கம் உண்டெனில் தருபவர்க்கும் உண்டு என்னும் அந்த நடுநிலை கடனுக்கும் பொருந்தும்.

கடன் கொடுத்தவர் கேட்கும் உரிமை பெற்றவர். அவமதிக்கும் உரிமை பெற்றவர் அல்லர். வசூலிக்கும் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்பட்டவரைத் தொலைபேசியில் அழைக்கலாகாது என ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அறிவுறுத்தியது. மிரட்டலும் இழிசொல்லும் அதற்கு உடன்பாடல்ல. அவ்வாறு நேர்ந்தால் முதலில் வங்கிக்கும், தீர்வு கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கும் முறையீடு செய்யலாம். சொல்லால் ஓர் உயிரை வதைப்பதும் கொலையின் ஒரு கூறே என்று நம்பும் நாம், சுற்றத்தாராகவும் அயலாராகவும் இருந்து அதைச் செய்யாதிருக்கவேண்டும். "உன் மகன் இன்னும் கடன் கட்டவில்லையாமே" என்று திருமண வீட்டில் வினவும் உறவினர் எந்த வசூல்காரருக்கும் குறைந்தவர் அல்லர். கடனால் மனம் உடைந்து நிற்கும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது அறிவுரையன்று, அருகில் ஒருவர் அமர்ந்து கணக்கைப் பிரித்துப் பார்ப்பதே. எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. இதைப் பெற்றோர் தம் வாயால், பிள்ளையின் காதில் படுமாறு சொல்லவேண்டும்.

தாமே வகுக்கும் அளவு

மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தில் இல்லறத்தார் தம் உடைமைக்குத் தாமே ஓர் அளவு வகுத்துக்கொள்கிறார்கள். எவரும் வற்புறுத்தாதபோதே அளவு செய்துகொள்வதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது. வறுமை ஒருவர் செலவைக் குறைத்தால் அது துன்பம். அவரே குறைத்துக்கொண்டால் அது விரதம். குறைந்த தொகை ஒன்றாகவே இருக்கலாம். மனம் அதை ஏற்கும் விதம் வேறு. ஒருவரைச் சிறுமைப்படுத்துவது, மற்றவரை உயர்த்துகிறது.

சலுகை சுருங்கும் காலத்தை எதிர்கொள்ள இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். வங்கி கேட்பதற்கு ஓராண்டு முன்பே, வேலை கிடைத்த முதல் மாதத்திலிருந்தே, வருங்காலத் தவணையைக் கட்டிப் பழகுக. சலுகைக் காலத்திலும் கடன் கணக்கில் பணம் செலுத்தத் தடையில்லை. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்ட முடிந்த குடும்பங்கள் அதைச் செய்க. முன்சொன்ன எடுத்துக்காட்டில் முதலாண்டில் அது மாதம் 833 ரூபாய்; நான்காம் ஆண்டில் 3,333 ரூபாய். அவ்வாறு கட்டியவரின் கடன் 4 லட்சமாகவே நிற்கும். பத்தாண்டுத் தவணையும் 7,136 ரூபாயிலிருந்து 5,286 ரூபாயாகக் குறையும். புதிய வாகனமும் விலையுயர்ந்த கைபேசியும் ஈராண்டு காத்திருக்கட்டும். பெற்றோரும் மகன் சம்பாதிக்கத் தொடங்கியவுடன் வீட்டை விரிக்கவும், மகள் திருமணத்தை ஊர் வியக்க நடத்தவும் அவன் சம்பளத்தைக் கணக்கிடாதிருக்கட்டும்.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. உணவைக் குறைத்து உடலை வருத்துதல், வீட்டு முதியோர் மருந்தை நிறுத்துதல், தங்கையின் படிப்பை இடையில் முடித்தல் ஆகியவை சிக்கனம் ஆகா. அத்தகைய நிலை வந்தால் அதுவே வங்கியிடம் சென்று கால நீட்டிப்புக் கேட்க வேண்டிய நேரம்.

ஆகவே பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கு நான் கூறுவது மூன்றே. கடன்பட்டதற்கு நாணாதீர், அதை மறைக்க மட்டும் நாணுங்கள். வங்கி உங்கள் செலவுக்கு எல்லை வகுக்குமுன் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். உங்களால் இயன்றதைக் கட்டுங்கள். இயலாததை வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசித் தவணையையும் கட்டி முடித்து, கடன் தீர்ந்ததற்கான சான்றைப் பெற்ற பின், உங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகத் தயங்கி நிற்கும் ஒரு பிள்ளையிடம் இக்கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். 1963-ஆம் ஆண்டுத் திட்டம் ஆசிரியர்களிடம் எதிர்பார்த்தது அதைத்தான். பெற்ற கல்வியைப் பகிர்வதால் தீரும் கடனும் ஒன்று உண்டு; அதற்குத் தவணை முடிவதேயில்லை.

அறம் வளர்க.